தோற்றம் உறவாகுமா?

2019-ஆம் ஆண்டு 'தமிழ் மறவன்' தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்றது. வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டும் பணியில் தமிழன்பர் சிலர் ஈடுபட்டுள்ளனர், மகிழ்ச்சியே. ஆயின், ஆங்கிலப் பெயரை அவ்வாறே பெயர்த்து வைப்பதே பெயரீடு எனக் கொள்வோமாயின், அயலார் பிழையும் நம் பிழையாகிவிடும்.

சான்று ஒன்று காண்க. நம் வேலியோரத்து வெந்தய வரியன் எருக்கிலை தின்று வளர்வது. அதன் உடல் கைப்பும் நஞ்சும் உடையது; ஆகலின் பறவைகள் ஒதுக்கும். அதே நிறமும் அதே கருங்கரையும் பூண்டு பறக்கும் இன்னொரு பூச்சி உண்டு. அதற்கு நஞ்சில்லை, வரியனின் வேடம் புனைந்தே உயிர் பிழைக்கின்றது. வேடமும் பெண்ணுக்கே. ஆணோ கரிய சிறகில் ஊதா விளிம்புடைய வெண்பொட்டுகள் தாங்கி, முற்றும் வேறாய்த் தோன்றும்! பின்சிறகின் நடுவே வரியனுக்கு மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருக்கும்; வேடக்காரிக்கு மேலோரத்தில் ஒன்றே. இத்தகைய போலித் தோற்றத்தை 1862-இல் பேட்சு என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு விளக்கினார்.

1758-இல் இலின்னேயசு வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தையும் 'பாபிலியோ' என்னும் ஒரே பேரினத்துள் அடைத்தார். பின்வந்தோர் சிறகு நரம்பையும் காலையும் ஆய்ந்து பிரித்தனர். வரியன்களைத் தனிக் குடும்பமாகவே நெடுங்காலம் வைத்திருந்தனர். ஆயின் இவ்விரு பூச்சிகளும் முன்னங்கால்கள் குறுகி, நான்கு கால்களாலேயே நிற்பன. இன்றைய மரபணு ஆய்வும் இவற்றை ஒரே பெருங்குடும்பத்தில் சேர்க்கின்றது. எனின், வரியன் கிளை அக்குடும்பத்தில் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டது. வேடக்காரியின் நெருங்கிய உறவினரோ, மயிற்கண் போன்ற புள்ளியுடைய பூச்சிகள் அடங்கிய கூட்டத்தார்.

இவ்வாறிருக்க, ஆங்கிலேயர் அதன் பெயரில் 'டானாயிடு' என்று வரியன்களின் குடிப்பெயரையே ஒட்டிவைத்தனர். போலிக்கு அசலின் குடிப்பெயரா? அதை நாம் தமிழில் பெயர்த்து 'வரியன்' எனச் சேர்த்தால், படிக்கும் பிள்ளை இரண்டும் ஒரு கிளை என்றே நம்பும். 'வரியன்' என்பது வரியனின் கிளைக்கே உரியதாகுக. மற்றதற்கு ஆணின் வெண்பொட்டைக் கொண்டோ, புழு தின்னும் பருப்புக்கீரையைக் கொண்டோ பெயரிடலாம். இரண்டும் நம் கண்முன் உள்ளவையே.