வெறுங்காடு என்ற பொய்

பண்டார் தெங்காரா உருவான கதையைக் கேட்டால், "அப்போ இங்க ஒண்ணுமே இல்ல, வெறுங்காடு" என்றுதான் தொடங்குவார்கள். 1972இல் கெஜோரா எனும் தென்கிழக்கு ஜோகூர் மேம்பாட்டு வாரியம் அமைந்தது, காடு போய்ச் செம்பனை வந்தது, ஊரும் எழுந்தது. நம்மவர்களும் இதையே பெருமையாகச் சொல்கிறார்கள். நம் முன்னோர் காட்டை வெட்டிப் பால்மரம் நட்டதும், காய்ச்சலில் செத்ததும் உண்மை. அவர்கள் வெட்டியது ஆளில்லாத காடு என்பது மட்டும் பொய்.

ஆஸ்திரேலியாவிலும் இதே பொய்யைச் சொன்னார்கள். விக்டோரியாவின் புல்வெளிகளில் முர்னோங் என்ற மஞ்சள் பூச்செடி மண்டிக் கிடந்தது. அதன் கிழங்குதான் அங்குள்ள பூர்வகுடிகளின் அன்றாடச் சாப்பாடு. பெண்கள் கூர்க்கோலால் கிளறியதில் மண் இளகியது. மண்ணிலேயே விட்ட சிறு கிழங்குகள் மறுபடி முளைத்தன. 1841இல் அதிகாரி ஜார்ஜ் ராபின்சன், கண்ணுக்கெட்டிய வரை பெண்கள் பரவி நின்று கிழங்கு எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அப்படிப் பேணிய நிலத்தைத்தான் யாருக்கும் சொந்தமில்லாதது என்று வெள்ளையர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஆடுகள் செடியை வேரோடு தின்றன, குளம்புகள் மண்ணை இறுக்கின. சில ஆண்டுகளிலேயே கிழங்கு அரிதாகி, மக்கள் பட்டினியில் விழுந்தார்கள்.

'கிழங்கு தோண்டுவதெல்லாம் விவசாயமா?' என்று கேட்பவர்கள் காடோங் கிழங்கைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். நம் காடுகளில் விளையும் அது நச்சுக் கிழங்கு. மெல்லிசாகச் சீவி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நஞ்சு போன பிறகே நம் நாட்டுப் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் உண்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கற்றுச் சேர்த்த அறிவு இது.

பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்திலேயே லிங்கியு அணை இருக்கிறது. சிங்கப்பூருக்கும் நீர் தரும் அந்த அணைக்காக 53,000 ஏக்கருக்கும் மேலான காட்டிலிருந்து ஒராங் அஸ்லியில் ஒரு பிரிவினரான ஜக்கூன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் நட்ட பழமரங்களுக்கும் பயிர்களுக்கும் மட்டும் சுமார் 38,000 ரிங்கிட் கொடுத்தார்கள். நட்டது கணக்கில் ஏறியது. அவர்களை வாழவைத்த காடு கணக்கில் வரவே இல்லை. 52 பேர் வழக்குத் தொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஆளில்லா நிலக் கொள்கையை உடைத்த 1992ஆம் ஆண்டு மாபோ தீர்ப்பையும் எடுத்துக்காட்டிய ஜோகூர் பாரு உயர் நீதிமன்றம், காட்டில் திரிந்து வாழும் உரிமையும் உரிமையே என்றது, 2.65 கோடி ரிங்கிட் இழப்பீடு வழங்கச் சொன்னது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதை நம் பேச்சு இன்னும் ஏற்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தலைமுறைகளாகக் குடியிருந்த லயத்தை விட்டுக் கையில் பட்டா இல்லாமல் வெளியேறியவர்கள் நாம். "உனக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று நம்மைக் கேட்டபோது எப்படிக் கொதித்தோம்! அதே கேள்வியை ஜக்கூன் மக்களிடம் கேட்க நமக்கு வாய் வரக்கூடாது. ஊர் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 1972இல் தொடங்க வேண்டாம். அங்கே முன்பிருந்தே வாழ்ந்த ஜக்கூன் மக்களின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.