பட்டும் படிப்பும்



காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்தி வரதர், 40 ஆண்டுகளுக்குப் பின் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை சேவை சாதித்தார். அத்திமரம், குளத்து நீர், சாத்திய பட்டு என்று சமயத்தை அதன் பொருள்கள் வழியே ஆராய்பவருக்கு இதைவிட நல்ல களம் எது? ஆனால் இத்தகைய ஆய்வுகளில் பல, சந்தா கட்டும் நூலகங்களுக்கு மட்டுமே திறக்கும் இதழ்களில் வெளியாகின்றன. கோர்வை போட்டுக் கரை சேர்க்கும் நெசவாளரிடமும், அலங்காரம் செய்யும் பட்டரிடமும் கேட்டு எழுதியதை அவர்களே படிக்க முடிவதில்லை. ஆகவே, எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்களுக்கே ஆய்வாளர்கள் முதலில் கட்டுரை அனுப்ப வேண்டும்; கூடவே தமிழில் ஒரு சுருக்கமும்.

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த, 6,000 கோடி ரூபாயில் அமைந்த ஆய்விதழ்களுக்கான 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம் போதாதா என்று கேட்கலாம். அது அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்து நெசவாளரின் தறிக்கு வராது. திறந்த இதழ்கள் கட்டுரை எழுதுபவரிடம் பணம் பறிக்கின்றன என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் ஜப்பானின் நான்சான் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஏசியன் எத்னாலஜி' போல, கட்டணம் வாங்காதவையும் உண்டு. போலி இதழ்களை விலக்க, திறந்த அணுகல் இதழ்களின் சர்வதேசப் பட்டியலைப் பார்த்தாலே பெரும்பகுதி தெளிந்துவிடும். ஒன்றை மட்டும் ஏற்கிறேன்: கட்டுரை திறந்திருக்கலாம், கருவறைப் படங்கள் கோயிலின் அனுமதியின்றி அதில் இடம்பெறக் கூடாது.

– ஒரு வாசகர், காஞ்சிபுரம்