நேர்ந்துவிட்ட பிள்ளையும் அழைக்கப்பட்ட பிள்ளையும்



கோடை லீவில் எங்கள் ஊர்க் கோயிலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று நல்லாயன் ஞாயிறு. 1964-ஆம் ஆண்டிலிருந்து அந்த ஞாயிறை இறையழைத்தலுக்காக ஜெபிக்கும் நாளாகத் திருச்சபை வைத்திருக்கிறது. பூசை முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மைக்கைப் பிடித்தார். நன்றாகத்தான் பேசினார். கடைசியில், "கடவுள் உங்களில் யாரையெல்லாம் அழைக்கிறார்? கையைத் தூக்குங்க பாப்போம்!" என்றார். நான் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் அம்மா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாங்க!

எல்லாரும் கை தட்டினார்கள். என் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சிரிக்காதீர்கள். அம்மா அப்படிச் செய்ததற்குக் காரணம் உண்டு. நான் பிறந்த எட்டாம் மாதத்தில் மூச்சு முட்டி, பிழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். அப்போது அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம், "இவ பிழைச்சா கன்னியர் மடத்துக்கே கொடுத்துருதேன்" என்று நேர்ந்துகொண்டாங்க. நான் பிழைத்துவிட்டேன். இப்போது பிளஸ் டூ. அதனால்தான் எங்கள் தெருவில் எனக்கு "சிஸ்டரம்மா" என்று பட்டப்பெயர். ஐஸ் வாங்கித் தின்றாலும், "சிஸ்டரம்மா, ஒறுத்தல் முயற்சி கிடையாதா?" என்று கேட்பார்கள்!

அம்மா நேர்ந்துகொண்டால் அது கடவுள் அழைத்ததாக ஆகுமா? இதுதான் என் கேள்வி. ஆகாது என்பது என் கருத்து. கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

எல்லாரும் எனக்குச் சொல்லும் கதை சாமுவேல் கதைதான். குழந்தையில்லாத அன்னா சீலோவில் அழுது வேண்டினாள், பிள்ளை பிறந்தால் ஆண்டவருக்கே கொடுப்பேன் என்று நேர்ந்தாள், பால்குடி மறந்ததும் கொண்டுபோய்க் குரு ஏலியிடம் விட்டாள். "அன்னா கொடுக்கலியா? அது மாதிரிதான் நீயும்" என்பாங்க அம்மா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறோமே, அதற்கு அடுத்த பக்கத்தை ஏன் யாரும் சொல்வதில்லை?

சாமுவேல் கோயிலிலேயே வளர்ந்தான், அங்கேயே படுத்தான். ஆனாலும் அவனுக்கு ஆண்டவரை இன்னும் தெரியாது என்று விவிலியமே சொல்கிறது. அம்மா கொடுத்து எத்தனையோ வருஷம் ஆன பிறகு, ஒரு ராத்திரி கடவுள் அவனைப் பெயர் சொல்லித் தனியாகக் கூப்பிடுகிறார். நேர்ச்சையே போதும் என்றால் அந்த ராத்திரி எதற்கு? அதுவும் மூன்று தடவை அவன் தப்பான ஆளிடம் ஓடுகிறான்! கூப்பிட்டது ஏலி என்றே நினைக்கிறான். கோயிலுக்குள்ளேயே இருக்கிற பையனுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், மைக்கில் கேட்டதும் ஒரு நிமிஷத்தில் நாம் எப்படிக் கையைத் தூக்குவது?

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் குரல் யாருடையது என்று சொல்லிக்கொடுத்தது ஏலி. அவர் ஒன்றும் பெரிய மகான் இல்லை. கண் மங்கிப்போன கிழவர், பெற்ற பிள்ளைகளையே அடக்காதவர். இருந்தாலும் அவர், "நீ போய்ப் படு, மறுபடி கூப்பிட்டால் பதில் சொல்" என்ற பொருளில் சொல்லி அனுப்பினாரே தவிர, சாமுவேலுக்குப் பதிலாக அவரே பதில் சொல்லவில்லை. பெரியவர்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. (டீச்சர்கள் மன்னிக்கவும்!)

இதை நான் என் வசதிக்காகச் சொல்லவில்லை. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. 1193-ஆம் எண். வாழ்க்கை நிலையைத் தேர்ந்தெடுப்பதில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 219-ஆம் எண் சொல்கிறது. எங்கள் மறைக்கல்வி சிஸ்டர்தான் காட்டினார்கள். "மடத்துக்கு ஆள் சேரணும்னு எனக்கும் ஆசைதான், அதுக்காக உன்னை ஏமாத்த முடியுமா?" என்றார்கள். அன்று முதல் அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

இதைப் படித்துவிட்டுச் சிலர், "அப்போ விட்டுத்தள்ளு, ஜாலியா இரு" என்பீர்கள். ஹாஸ்டலில் ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். அதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் நேர்ச்சை என் அழைப்பு இல்லை என்பதால் எனக்கு அழைப்பே இல்லை என்று ஆகிவிடுமா?

ஐடா ஸ்கடர் கதை தெரியுமல்லவா? 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா எல்லாரும் மிஷனரி டாக்டர்கள். நீயும் அதற்குத்தான் என்று ஊரே சொன்னபோது, அவர் மாட்டேன் என்றார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிக்கும் பிரசவ வலி. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் அவர் டாக்டருக்குப் படிக்கப் போனார். 1899-இல் படித்து முடித்து, 1900-இல் வேலூர் வந்தார். இன்றைய சி.எம்.சி. அப்படித்தான் வளர்ந்தது. பாருங்கள், வானத்திலிருந்து குரல் வரவில்லை. கதவுதான் தட்டப்பட்டது. பதில் சொல்லவும் வருஷக்கணக்கில் படிக்க வேண்டியிருந்தது. கெமிஸ்ட்ரியைக் கண்டு ஓடுகிற என்னைப் போன்றவர்கள் இதை யோசிக்க வேண்டும்!

எங்கள் கடற்கரைக்கு 1542-இல் வந்த சவேரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு முதலில் குறிக்கப்பட்டவர் அவர் இல்லை, பொபடில்லா என்பவர். அவருக்கு உடம்பு முடியாமல் போனதால், கடைசி நேரத்தில் சவேரியாரை அனுப்பினார் இஞ்ஞாசியார். மாற்று ஆளாக வந்தவர்தான்!

அந்த இஞ்ஞாசியாரிடம் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். 1521-இல் பம்பலோனா சண்டையில் குண்டடி பட்டுக் கால் உடைந்து படுத்திருந்தபோது, போர்வீரர் கதை கேட்டார். வீட்டில் அது இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்கள் கதையும்தான் இருந்தன. வீரனாகப் பேர் வாங்குவதைக் கனவு கண்டால் அப்போதைக்கு இனிக்கும், பிறகு மனசு வறண்டுபோகும். புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் அந்த இனிப்பு தங்கி நிற்கும். இந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார். அவ்வளவுதான் அவருடைய முதல் பாடம்.

நானும் கவனித்துப் பார்த்தேன். கோயிலில் எல்லாரும் கை தட்டியபோது உண்மையைச் சொன்னால் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் அது போய்விட்டது. ஆனால் போன வருஷம் ஆச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அடுத்த கட்டிலில் ஆள் துணை இல்லாத ஒரு பாட்டி இருந்தாங்க. கை நடுங்கும். ஆச்சிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அவங்களுக்கும் ஊட்டிவிடுவேன். நாற்றம் சகிக்காது, முதல் நாள் வாந்தி எடுத்தேன். ஒரு வருஷம் ஆகிறது, அந்தப் பாட்டி வாயைத் திறந்து காத்திருந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அது மடமா, நர்சிங்கா, இரண்டுமா? தெரியாது. எனக்குள் யாராவது கூப்பிட்டிருந்தால் அது அந்த வார்டில்தான்.

போன ஞாயிறு அம்மா ஹாஸ்டலுக்குப் பார்க்க வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். நோட்டிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லுங்கள், தோன்றினால் நானே போய் எழுதுகிறேன் என்றேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. கொண்டுவந்த முறுக்கு டப்பாவை மூடி மூடித் திறந்தாங்க. பிறகு, "சரிட்டி. ஆனா மாதாகிட்ட நான் என்ன சொல்ல?" என்று கேட்டாங்க.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுவதற்காக இந்தத் தாளின் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். பென்சிலில் எழுதுங்கள்.