டிவி பஞ்சாயத்தும் ஜொகூர் குடும்ப வழக்கும்

கணவன் மனைவி தகராறு, கைவிடப்பட்ட பிள்ளை, சொத்துச் சண்டை என்று உண்மையான குடும்பச் சிக்கல்களில் சிக்கியவர்களையே ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்து, ஒரு நடத்துநர் முன் உட்காரவைத்து விசாரிப்பதுதான் தொலைக்காட்சிப் பஞ்சாயத்து. தமிழில் இதற்கு ஊர் முழுக்கப் பேர் வாங்கித் தந்தது ஜீ தமிழின் ‘சொல்வதெல்லாம் உண்மை’. 2011ல் தொடங்கிய அந்நிகழ்ச்சியை முதலில் செய்தி வாசிப்பாளர் நிர்மலா பெரியசாமியும், பிறகு நடிகையும் இயக்குநருமான லட்சுமி ராமகிருஷ்ணனும் நடத்தினர். அதற்கு முன்பே விஜய் டிவியில் நடிகை லட்சுமியின் ‘கதையல்ல நிஜம்’ இருந்தது. பின்னால் சன் டிவியில் குஷ்புவின் ‘நிஜங்கள்’ வந்தது. மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே அச்சில் நிகழ்ச்சிகள் ஓடின. ஆஸ்ட்ரோ வழியாக இந்தப் பஞ்சாயத்து தம்போய், மாசாய், ஸ்கூடாய், குளுவாங் வீடுகளின் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒளிபரப்பு முடிந்துபோன பகுதிகள்கூட யூடியூப் துண்டுகளாகக் கைப்பேசிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவற்றைப் பார்ப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், வக்கீலுக்குக் கொட்டி அழ வேண்டும். டிவியில் ஒரு மணி நேரத்தில் ஏழைக்கு நியாயம் கிடைக்கிறது, பார்க்கிறவர்களுக்கும் நாலு சட்டம் தெரிகிறது என்பது அந்த நம்பிக்கை. இதில் உண்மையாக இருப்பது கோர்ட்டைப் பற்றிய புகார் மட்டுமே.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஜொகூரின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் குடும்பம் நடத்தியவர்களுக்குச் சண்டை வந்தால் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. கோயில் தலைவரோ கங்காணியோ தோட்டத்துப் பெரியவர்களோ இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த இடம் காணாமல் போனது. அது ஒன்றும் புனிதமான சபையாக இருந்ததில்லை. ஆண்கள் உட்கார்ந்து ஆண்கள் முடிவெடுத்த இடம் அது. அடிபட்டு வந்த பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ‘பொறுத்துப் போம்மா’ என்ற புத்திமதிதான். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, குடித்துவிட்டு அடித்த கணவனை எதிரில் நிறுத்திப் பதில் சொல்ல வைக்கும் காட்சி பெரிய நிறைவைத் தருகிறது. அந்த நிறைவை மட்டமாகப் பேசுவதற்கில்லை. ஆனால் அது கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குக் கிடைக்கும் நிறைவு. புகார் கொண்டு வந்த பெண் நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது கையில் என்ன கொண்டு போகிறாள் என்பது வேறு கேள்வி.

அமெரிக்க உதாரணம் இங்கே உதவும். அங்கே 1981ல் ‘தி பீப்பிள்ஸ் கோர்ட்’ தொடங்கியது. ஓய்வு பெற்ற நீதிபதி ஜோசப் வாப்னர் நாற்காலியில் இருந்தார். 1996ல் ‘ஜட்ஜ் ஜூடி’ வந்து 25 ஆண்டுகள் ஓடியது. அதன் ஜூடி ஷெயிண்ட்லினும் நியூயார்க்கின் குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். இத்தகைய நிகழ்ச்சிகளில் இரு தரப்பும் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றன; தொகைக்கு வரம்பு உண்டு. அது சட்டப்படி செல்லும் ஏற்பாடுதான். ஆனாலும் தோற்றவர் கட்டவேண்டிய பணத்தைத் தயாரிப்பு நிறுவனமே கொடுத்துவிடுகிறது. பார்வையாளர் இருக்கைகளை நிரப்புகிறவர்களும் கூலிக்கு அமர்த்தப்படுகிறவர்கள். தோற்றவருக்கு எந்த நஷ்டமும் இல்லாத தீர்ப்பைப் பார்த்துத்தான் ‘சரியான தண்டனை’ என்று மக்கள் கைதட்டுகிறார்கள்.

ஜெர்மனியில் நடந்தது இதைவிடச் சுவையானது. சாட் 1 அலைவரிசையில் 1999ல் பார்பரா சாலேஷ் என்ற நீதிபதியை வைத்து ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் உண்மையான சிறு வழக்குகளையே எடுத்தார்கள். ஆள் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே கற்பனைக் குற்ற வழக்குகளை எழுதி, தொழில்முறை நடிகர் அல்லாதவர்களை நடிக்க வைத்தார்கள். நிகழ்ச்சி 2012 வரை கொடிகட்டிப் பறந்தது. உண்மையான வழக்கு விசாரணை சலிப்பூட்டும் வேலை. ரசீது பார்க்க வேண்டும், தேதி சரிபார்க்க வேண்டும், எதிர்த்தரப்பு சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். டிவிக்கு அந்தச் சலிப்பு ஆகாது.

தமிழ் நிகழ்ச்சிகளில் அமெரிக்கர்களின் அந்த ஒப்பந்தமும் கிடையாது. நடத்துநருக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் எதுவும் இல்லை. அவர் சொல்வதை மீறினால் யாரும் கேட்க முடியாது; ஏற்றாலும் எழுதி முத்திரை குத்திய உத்தரவு எதுவும் கிடைக்காது. ஜீவனாம்சம் கொடுக்கிறேன் என்று கேமரா முன் தலையாட்டிய கணவன் அடுத்த மாதம் கொடுக்காவிட்டால், மனைவி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அதாவது எந்தக் கோர்ட்டை ஓரங்கட்டிவிட்டு வந்தாளோ அங்கேயே. ஒரு மணி நேரத்தில் முடிந்தது படப்பிடிப்பு மட்டும்தான். பல மணி நேரம் பேசியதை வெட்டி, ஒட்டி, இசை சேர்த்து, எதிர்த்தரப்பை எந்த நிமிஷத்தில் உள்ளே நுழைய விட்டால் விளம்பர இடைவேளைக்குப் பின்னும் ஆள் எழுந்து போகாது என்று கணக்குப் போட்டுத்தான் அந்த ஒரு மணி நேரம் உருவாகிறது.

வேகம்தான் வேண்டும் என்றால், சட்டத்திலேயே அது இருக்கிறது. மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994ல் இயற்றப்பட்டது. 2017ல் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, அடி உதைக்கு ஆளானவர் சமூகநல அதிகாரியிடம் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் அது தரப்பட வேண்டும். 7 நாள் செல்லும். சனி, ஞாயிறு என்று கோர்ட் திறக்கக் காத்திருக்கத் தேவையில்லை. தாலியான் காசே எனும் 15999 உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். எந்த ஸ்டூடியோவும் இவ்வளவு சீக்கிரம் ஒரு பெண்ணைக் காப்பாற்றியதில்லை. இந்த எண்ணைவிட நடத்துநர்களின் வசனங்கள் அதிக வீடுகளில் மனப்பாடமாக இருப்பதுதான் கொடுமை.

கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டு வருவது இந்த நிகழ்ச்சிகளின் மிகப் பெரிய குற்றம். 1976ஆம் ஆண்டின் மலேசியத் திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது. 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. அதன் 106ஆவது பிரிவின்படி, ஒரு தரப்பு மட்டும் மணவிலக்குக் கேட்டால், பொதுவாக முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும். தேசியப் பதிவு இலாகா நடத்தும் திருமணத் தீர்ப்பாயம் அப்படி ஒன்று. அங்கே வக்கீலுக்கு அனுமதி இல்லை. இரு தரப்பையும் கேட்டு 6 மாதத்துக்குள் சேர்த்து வைக்க முயல வேண்டும். முடியாவிட்டால் அந்தக் குழு சான்றிதழ் மட்டும் தரும், தீர்ப்புச் சொல்லாது. 2012ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், மத்தியஸ்தத்தில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்கிறது. மணவிலக்கு வழக்குகளின் விவரங்களைப் பத்திரிகைகள் வெளியிடுவதற்கு 1962லேயே சட்டத்தால் கட்டுப்பாடு வந்துவிட்டது. இந்தியாவிலும் இதே நிலைதான்: இந்து திருமணச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, அச்சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. இரண்டு நாடுகளின் சட்டமும் இவ்வளவு கவனமாகச் சாத்திய கதவைத்தான் டிஆர்பிக்காக ஒரு சேனல் உதைத்துத் திறக்கிறது.

இதில் அதிகம் நஷ்டப்படுவது பிள்ளைகள். வழக்குகளில் சம்பந்தப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமும் இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் தடை செய்கின்றன. அம்மாவின் கள்ள உறவு, தான் யார் பிள்ளை என்ற சந்தேகம், டிஎன்ஏ சோதனை ஆகியவற்றைப் பற்றிப் பெரியவர்கள் கேமரா முன் பேசும்போது பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஐந்து வயதில் நடந்தது பதினைந்து வயதிலும் யூடியூபில் இருக்கும். பள்ளி நண்பர்கள் தேடிப் பார்ப்பார்கள். நையாண்டிக்கும் இந்தப் பஞ்சாயத்து தீனியானது. ‘சொல்வதெல்லாம் உண்மை’ நடத்துநரின் அங்கலாய்ப்பு ஒன்று நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கிண்டலாகி, 2016ல் வெளிவந்த ‘ரஜினி முருகன்’ படத்தில் பாட்டாகவும் ஆனது. ஒரு குடும்பம் அழுத இடம் இன்னொரு குடும்பத்துக்குக் கலகலப்பாகிவிட்டது. 2017ல் அருண் பிரபு புருஷோத்தமன் இயக்கிய ‘அருவி’ படம் இப்படி ஒரு ஸ்டூடியோவைக் காட்டியபோது திரையரங்கில் எழுந்த சிரிப்பில், மக்களுக்கே இதன் போலித்தனம் தெரியும் என்பது வெளிப்பட்டது. தெரிந்தும் நம்புவதுதான் புதிர். கடைசியில் கோர்ட்டே தலையிட்டது: 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ‘சொல்வதெல்லாம் உண்மை’க்கு இடைக்காலத் தடை விதித்தது.

வருகிறவர்கள் சம்மதித்துத்தானே வருகிறார்கள் என்பது வழக்கமான பதில். பிரிட்டனில் ஐடிவியின் ‘ஜெரமி கைல் ஷோ’வும் அதையே சொன்னது. 2007ல் மான்செஸ்டரில் ஒரு மாவட்ட நீதிபதி, அந்நிகழ்ச்சி மனிதர்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது என்று கண்டித்தார். நிகழ்ச்சி மேலும் 12 ஆண்டு ஓடியது. 2019 மே மாதம், பொய் கண்டறியும் சோதனையில் தோற்றவர் எனக் காட்டப்பட்ட விருந்தினர் ஒருவர், அப்பகுதி ஒளிபரப்பாகும் முன்பே இறந்தார். ஐடிவி அந்த மாதமே நிகழ்ச்சியை நிரந்தரமாக நிறுத்தியது. நிகழ்ச்சிக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பை 2024ன் மரண விசாரணை உறுதி செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த மரணத்துக்குப் பின்தான், பங்கேற்பவர்களின் நலனைக் காக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் புதிய விதிகள் கொண்டு வந்தது. கையில் பணமின்றி, போக இடமின்றி, கண்ணீரோடு வருகிறவர் நீட்டிய தாளில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும்.

சட்ட அறிவு பரவுகிறது என்ற வாதம் கொஞ்சமும் நிற்காது. அமெரிக்கச் சட்ட ஆய்வாளர் கிம்பர்லியேன் போட்லாஸ் 2000களின் தொடக்கத்தில் செய்த ஆய்வில், இத்தகைய நிகழ்ச்சிகளை அதிகம் பார்ப்பவர்கள், நீதிபதி என்றால் அதட்டிக் கேள்வி கேட்க வேண்டும், தன் கருத்தை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது தெரிய வந்தது. 2016ல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், அமெரிக்கப் பட்டதாரிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் ஜட்ஜ் ஜூடியை உச்ச நீதிமன்ற நீதிபதி என்றே குறித்திருந்தார்கள். மலேசியாவில் ஜூரி முறை 1995லேயே ஒழிந்துவிட்டதால், இப்படிப்பட்டவர்களே ஜூரிகளாக உட்காரும் தொல்லை இங்கில்லை. ஆனால் குறிப்பெடுத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, நம் கஷ்டம் இவருக்குப் புரியவில்லை என்று நினைக்கும் மனப்பழக்கத்துக்கு அந்தத் தொல்லையே மேல்.

ஜொகூர்க்காரருக்கு இன்னொரு சிக்கல் உண்டு: டிவியில் பேசப்படுவது வேறு நாட்டுச் சட்டம். இந்திய இந்து திருமணச் சட்டப்படி சடங்கோடு நடந்த திருமணம், பதிவு செய்யாததால் மட்டும் செல்லாமல் போகாது. மலேசியாவில் 1982க்குப் பின் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டவர்கள், பிற்பாடு மனைவி என்ற உரிமையை நிலைநாட்டப் பெரும்பாடு பட வேண்டியிருக்கிறது. இதைத் தவிர்க்கவே பல கோயில்களில் துணைப் பதிவாளர்கள் நியமிக்கப்பட்டுள்ளார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் வழக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். பக்கத்து வீட்டுத் தமிழ் இந்துவின் மணவிலக்கு ஜொகூர் பாருவிலோ மூவாரிலோ உள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகும். இந்த வேறுபாடுகளில் ஒன்றைக்கூடச் சென்னை ஸ்டூடியோ சொல்லித் தராது.

கோர்ட் செலவும் தாமதமும் பொய்யில்லை. அதற்கு வழியும் ஓரளவு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசின் சட்ட உதவி இலாகா ஜொகூர் பாருவில் இயங்குகிறது. குடும்ப வழக்குகளை அது எடுத்துக்கொள்கிறது. மணவிலக்குக் கேட்காமலேயே, கணவன் செலவுக்குத் தருவதில்லை என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனைவி ஜீவனாம்சம் கோரலாம். உத்தரவை மீறினால், 1968ஆம் ஆண்டின் இன்னொரு சட்டப்படி சம்பளத்திலிருந்தே பிடித்துத் தர வைக்கலாம். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவனையும் இது தொடும்: ஒரு நாட்டின் ஜீவனாம்ச உத்தரவை மற்ற நாட்டில் பதிந்து வசூலிக்க 1949ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. திருமண, மணவிலக்குச் சட்டத்தில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், பிள்ளை 18 வயதைத் தாண்டி மேற்படிப்புப் படித்தாலும், அது முடியும் வரை செலவு கேட்க முடியும். இதற்கெல்லாம் வேண்டியது திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கணவனின் சம்பளச் சீட்டு கிடைத்தால் அதன் நகல், வீட்டுச் செலவுக் கணக்கு, அடி உதை இருந்தால் போலீஸ் புகாரும் மருத்துவ அறிக்கையும்.