பாதாளச் சாக்கடைக்குள் மழைநீருக்கு என்ன வேலை?

ஐப்பசி அடைமழை இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டினால் போதும், சென்னையின் பல தெருக்களில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். முழங்கால் அளவு தண்ணீர். யாரோ ஒருவர் கடப்பாறையோடு வருகிறார். சாலை நடுவே இருக்கும் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறக்கிறார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. தெருவாசிகளுக்கு நிம்மதி. கொஞ்ச நேரத்தில், தாழ்வான பகுதி ஒன்றில், இன்னொரு மேன்ஹோலின் மூடி தானாகவே எழும்புகிறது. அங்கே வெளியே வருவது மழைநீர் மட்டுமல்ல.

மறுநாள் ‘கனமழையால் கழிவுநீர் பொங்கியது’ என்று செய்தி வரும். மழைதான் குற்றவாளி என்று முடிவாகிவிடும். மழை எப்படி அந்தக் குழாய்க்குள் போனது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால், பதில் நம் வீட்டு மொட்டைமாடி வரை வரும்.

சென்னையில் இரண்டு வலைப்பின்னல்கள் உண்டு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய்கள், 1978-ல் தனிச் சட்டத்தின் மூலம் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் ஆற்றுக்கும் கடலுக்கும் போக வேண்டும். கழிவுநீர் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடியில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். இரண்டும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. காகிதத்தில் சந்திப்பதில்லை.

கழிவுநீர்க் குழாயின் அளவை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று பார்த்தால் சிக்கல் விளங்கிவிடும். மத்திய அரசின் பொறியியல் கையேடு, நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்றும் கணக்கு வைக்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 432 லிட்டர். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குளியலும் துவையலும் நடக்கும் என்பதால், தெரு அளவில் சராசரியைப் போல மூன்று மடங்கை உச்ச அளவாகக் கொள்கிறார்கள். அப்படியும் ஒரு வீட்டிலிருந்து மணிக்கு 54 லிட்டர்தான்.

இப்போது மாடிக்குப் போவோம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர் சேரும். அந்தக் குடும்பம் பத்து நாட்களில் வெளியேற்றும் கழிவுநீரைவிட அதிகம் இது, அதுவும் ஒரே மணி நேரத்தில். வேறு வகையில் சொன்னால், மாடிக் குழாயைச் சாக்கடையில் விட்டிருக்கும் ஒரு வீடு, அந்த ஒரு மணி நேரத்துக்கு 85 வீடுகளுக்குச் சமம். தெருவில் வழக்கமாகப் பதிக்கப்படும் 200 மில்லிமீட்டர் குழாய், ஆயிரத்துக்கு நான்கு என்ற சரிவில், முழுதாக ஓடினாலும் விநாடிக்கு 20 லிட்டர் அளவில்தான் கொண்டுபோகும். பதினாறு மொட்டைமாடிகள் சேர்ந்தால் அது நிரம்பிவிடும், ஒரு சொட்டுக் கழிவுநீர் இல்லாமலேயே. இதற்கு மேல் கடப்பாறையோடு வருபவர் தெருத் தண்ணீரையும் திறந்துவிடுகிறார்.

மாடிக் குழாயைச் சாக்கடையில் சேர்ப்பது சட்டப்படி தவறு என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பொருட்படுத்துவதில்லை. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட நடவடிக்கை அது. உண்மையிலேயே நல்ல பலனும் தந்தது. ஆனால் மாடி மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைக்கிணற்றில் மணலும் இலையும் சேர்ந்து அடைத்துக்கொண்ட பிறகு அதைத் தோண்டி ஜல்லி மாற்றியவர்கள் எத்தனை பேர்? தண்ணீர் வாசலில் தேங்க ஆரம்பித்தால் பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவருக்கு மிக அருகில் தெரிவது வீட்டு வாசலில் இருக்கும் கழிவுநீர்ச் சேம்பர். ஒரு முழங்கை இணைப்பு, நான்கடி பிவிசி குழாய், அரை நாள் கூலி. வாசலில் தண்ணீர் நிற்பதில்லை. வேலை சுத்தம் என்று வீட்டுக்காரரும் பாராட்டுகிறார்.

‘குழாய்கள் பழையவை, சிறியவை’ என்ற சமாதானமும் அடிக்கடி காதில் விழும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910 வாக்கில் வகுக்கப்பட்டபோது, 1961-ல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணித்தார்கள். 1961-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். பின்னால் திட்டம் திருத்தப்பட்டது, குழாய்கள் பெரிதாக்கப்பட்டன, 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருகியபோது புறநகர்களுக்கும் திட்டங்கள் வந்தன. ஆனால் பழைய குழாய் மட்டுமே காரணம் என்றால் சித்திரையிலும் அதே இடங்களில், அதே அளவில் பொங்க வேண்டுமே? கோடையில் அடைப்பால் ஆங்காங்கே பொங்குவது வேறு. பருவமழையில் ஒரே நாளில் பகுதி பகுதியாகப் பொங்குகிறது என்றால் உள்ளே வரக்கூடாதது வந்திருக்கிறது என்றுதான் பொருள்.

சென்னையின் தரை தட்டையானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கழிவுநீர் ஓடும்போது குறைந்தது விநாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகம் இருந்தால்தான் மணலும் கசடும் அடியில் படியாமல் அடித்துச் செல்லப்படும். அதற்குச் சரிவு வேண்டும். ஆயிரத்துக்கு நான்கு என்றால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் நான்கு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். மேலும் தோண்ட முடியாத இடத்தில் கிணறு கட்டி, மோட்டார் வைத்து மேலே ஏற்றி, மறுபடியும் சரிவில் விட வேண்டும். இவைதான் கழிவுநீர் உந்து நிலையங்கள். அங்கே மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் இயங்காமல் போனால் கிணறு நிரம்பும். பிறகு பின்னோக்கி ஒவ்வொரு மேன்ஹோலாக நிரம்பும். புயல் இரவில் மின்சாரம் போவதும், மழைநீர் குழாய்க்குள் பாய்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலில் பொங்குவது பள்ளமான இடம். பள்ளமான இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுத் தெருவின் மொட்டைமாடித் தண்ணீர், கூவம் கரையோரக் குடிசையின் அடுப்படிக்குள் கழிவோடு நுழைகிறது.

மழையில்லாத காலத்து அடைப்புகளுக்குக் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: உணவகங்களின் எண்ணெய்ப் பிசுக்கு, நாப்கின், துணி, கட்டுமான இடத்தில் கழுவி ஊற்றும் சிமெண்ட் பால். 2017-ல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கொழுப்பு உறைந்து கட்டியாகி அடைத்துக்கொண்டது. நம் பிரியாணிக் கடைகளின் பின்பக்கச் சேம்பர்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

அடைத்த பிறகு நடப்பதுதான் கொடுமை. தேங்கி நிற்கும் கழிவில் பிராணவாயு தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம்; அளவு கூடினால் மூக்கின் உணர்வு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். இறங்குபவர் ‘வாடை இல்லை’ என்று நம்பித்தான் இறங்குகிறார். 1993 முதல் நேர்ந்த சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்களைப் பற்றி மத்திய அரசு தொகுத்த கணக்கில் மிக அதிகமான எண்ணிக்கை பதிவானது தமிழ்நாட்டில்தான். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், ஆபத்தான முறையில் மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. ஆனால் பாதுகாப்புக் கருவி கொடுத்துவிட்டால் அது ‘ஆபத்தான’ வேலை ஆகாது என்று விலகிக்கொள்ள அதன் வரையறையிலேயே சந்து இருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அடைப்பை நீக்கும் ஜெட்ராடிங், கழிவை உறிஞ்சும் சூப்பர் சக்கர் வண்டிகள் வந்துவிட்டன. மனிதருக்குப் பதிலாக மேன்ஹோலுக்குள் இறங்கும், திருவனந்தபுரத்தில் 2018-ல் அறிமுகமான ‘பேண்டிகூட்’ இயந்திரம் கும்பகோணத்துக்கும் வந்தது. இவையெல்லாம் தேவை. எனினும் அடைப்பை யார் எடுப்பது என்பதோடு நம் விவாதம் நின்றுவிடுகிறது; அடைப்பதும் பொங்குவதும் குறைந்தால் இறங்க வேண்டிய தேவையே குறையும் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

சாக்கடை பற்றி அரசு பெருமையோடு சொல்லும் எண்கள் எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்ந்தவை. பெருமைப்பட வேண்டியதும்தான். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் முறை வரை கொண்டுபோய்த் தூய்மையாக்கி, மணலி, திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கு விற்கும் ஏற்பாடு 2019-ல் வந்தது. குடிநீருக்குத் தவித்த ஊர் செய்த அருமையான காரியம். ஆனால் திறப்பு விழா நிலையத்துக்கு நடக்கிறது, குழாய்க்கு நடப்பதில்லை. வழியிலேயே பொங்கி வடிகாலில் கலந்துவிட்ட கழிவுநீர் எந்த நிலையத்தின் கணக்கிலும் வராது. மழைநாளில் நீர்த்துப்போன வெள்ளம் நிலையத்துக்குள் பாய்ந்தால், கழிவைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்களையும் அது அடித்துக்கொண்டு போய்விடும். மழை விட்ட பிறகும் நிலையம் தேறச் சில நாட்கள் பிடிக்கும்.

லண்டனின் கதை இங்கே பாடமாகும். 19-ம் நூற்றாண்டில் பொறியாளர் ஜோசப் பேஸல்கெட் கட்டிய சாக்கடைகளில் மழைநீரும் கழிவுநீரும் சேர்ந்தே ஓடுகின்றன; மழை கூடினால் தேம்ஸ் நதியில் வழியும்படியே அவை வடிவமைக்கப்பட்டன. அந்த வழிதலைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளத்துக்கு, 7 மீட்டருக்கு மேல் விட்டம் கொண்ட சுரங்கத்தை 450 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து இப்போதுதான் முடித்திருக்கிறார்கள். ஒன்றாகக் கட்டியதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. நாமோ தனித்தனியாகக் கட்டிவிட்டுத் திருட்டுத்தனமாக ஒன்றாக்குகிறோம். சேர்ந்து ஓடும் சாக்கடையின் சுமை, தனிச் சாக்கடையின் சிறிய குழாய்: இரண்டிலும் மோசமானதைத் தேர்ந்தெடுத்த ஊர் நாமாகத்தான் இருப்போம்.

எதிர்த்திசையிலும் இதே கலப்படம். பாதாளச் சாக்கடை இல்லாத, அல்லது இருந்தும் இணைப்புக்கான வைப்புத்தொகை கட்ட மனமில்லாத கட்டிடங்கள் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுகின்றன. அது கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போகிறது. வடிகாலில் கழிவு வந்தால் மாநகராட்சி வாரியத்தைக் காட்டும். சாக்கடையில் மழைநீர் வந்தால் வாரியம் மாநகராட்சியைக் காட்டும். மேன்ஹோல் மூடியைத் திறப்பவர் சில இடங்களில் அரசுப் பணியாளராகவே இருப்பதில் ஆச்சரியம் என்ன?

திருட்டு இணைப்புகளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது ஒப்புக்கொள்ளக்கூடிய பதில் அல்ல. அமெரிக்காவின் சிற்றூர்களில்கூட ‘புகைச் சோதனை’ வழக்கமாக நடக்கிறது. ஒரு மேன்ஹோலில் சிறிய விசிறியை வைத்து, தீங்கில்லாத புகையைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். எந்த வீட்டின் மாடிக் குழாய் வழியாகப் புகை வருகிறதோ, அந்த வீடு பிடிபட்டது. குழாயில் வெடிப்பு இருக்கும் இடத்தில் மண்ணிலிருந்தே புகை கிளம்பும். கேமராவை உள்ளே அனுப்பிப் பார்ப்பதைவிடச் செலவு குறைவு. கலிபோர்னியாவில் 2006 முதல், பொங்கிய ஒவ்வொரு இடத்தையும் அளவையும் காரணத்தையும் நகர நிர்வாகங்கள் மாநில அரசின் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், யாரும் பார்க்கலாம். எங்கே மீண்டும் மீண்டும் பொங்குகிறது என்பது வெளியே தெரிந்துவிட்டால், அந்த இடத்தைத் தொடாமல் எந்த நிர்வாகமும் காலம் தள்ள முடியாது. இங்கே புகார் வருகிறது, வண்டி வருகிறது, தண்ணீர் வடிகிறது, புகார் ‘தீர்க்கப்பட்டது’. அதே மேன்ஹோல் அதே மழையில் மூன்றாவது ஆண்டாகப் பொங்குவதை அந்தத் தெருக்காரர் அறிவார். அலுவலகத்தின் ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்பில் அது இருக்காது.

வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் கூட்டாக ஒரே ஒரு கோரிக்கை. எல்லா வார்டுகளையும் ஒரேயடியாகச் சரிசெய்யும் பெரிய திட்டம் வேண்டாம். ஒரு உந்து நிலையத்தின் எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைநாளில் அதன் மோட்டார்கள் ஏற்றும் அளவையும் கோடை நாளின் அளவையும் பக்கத்தில் வைத்தால், உள்ளே எவ்வளவு மழைநீர் வருகிறது என்று தெரிந்துவிடும். புகைச் சோதனை நடத்துங்கள். பிடிபட்ட வீட்டுக்கு முதலில் அபராதம் வேண்டாம். மூன்று மாத அவகாசமும், உறைக்கிணற்றைத் தூர்வாரி மாடிக் குழாயை அங்கே திருப்பிவிட வழிகாட்டுதலும் கொடுங்கள். அதற்குப் பிறகும் மாற்றாதவருக்கு அபராதம். அடுத்த பருவமழையில் அளவு எவ்வளவு குறைந்தது என்பதை வெளியிடுங்கள். புதிதாகப் பாதாளச் சாக்கடை பெறும் மற்ற நகராட்சிகள், வீட்டு இணைப்பு கொடுக்கும் நாளிலேயே மாடிக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடலாம். சென்னை பட்டதை அவர்களும் பட வேண்டியதில்லை.

வாசகருக்கும் ஒரு வேலை இருக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் மாடியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். சேம்பரில் விழுந்தால், பிளம்பரை மறுபடியும் கூப்பிடுங்கள்.