மடி இருக்கை ஆகாது

பிறந்த குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் நாள் குடும்பத்தின் திருநாள். வாசலில் ஆரத்தித் தட்டு காத்திருக்கும். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இட்டிருப்பார்கள். வெயில் படாமல் துணி போர்த்திய குழந்தையை மடியில் ஏந்தியவாறு தாய் மகிழுந்தின் முன்னிருக்கையில் அமர்ந்து வருவார். கண்ணேறு படாதிருக்க இத்தனை செய்த குடும்பம், அந்தப் பயணத்தில் குழந்தையின் உடலைப் பிணைத்துக் காக்க எதுவும் செய்திருக்காது. குறை அன்பில் இல்லை; அறிதலில்தான் உள்ளது. தாய்மடியைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று கேட்போம். வீட்டில் இல்லைதான், ஓடும் வண்டியில் உண்டு என்பதே என் கருத்து.

இதை உணர்த்த நீங்கள் கற்கும் இயற்பியலே போதும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. உள்ளே இருப்போரும் அதே வேகத்தில்தான் செல்கின்றனர். வண்டி எதிலேனும் மோதி நின்றாலும், நிலைமத்தின் காரணமாக அவர்கள் உடல் தொடர்ந்து முன்னோக்கிப் பாயும். 10 கிலோகிராம் நிறையுள்ள குழந்தையை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்த ஏறத்தாழ 1,400 நியூட்டன் விசை வேண்டும். 140 கிலோகிராம் நிறையைக் கைகளில் தாங்குவதற்கு இஃது ஒப்பாகும். எந்தத் தாயின் கைகளும் இதற்கு ஈடுகொடா. அவ்வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். மொட்டைமாடிச் சுவரின் விளிம்பில் குழந்தையை உட்காரவைக்க நாம் ஒருபோதும் துணியமாட்டோம். ஆனால், மடியில் வைத்துக்கொண்டு விரைகிறோம்.

இருவரையும் ஒரே பட்டையால் பிணைத்தால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். மோதும்போது தாயின் உடல் முழு விசையுடன் குழந்தையைப் பட்டையோடு சேர்த்து நசுக்கிவிடும். பெரியவர்களைக் காக்கும் காற்றுப்பையும் குழந்தைக்குத் தீங்காகும்; கண்ணிமைக்கும் நேரத்தில் விரியும் அதன் விசையைச் சிறு தலை தாங்காது. எனவே, குழந்தைக்கு உரிய இடம் பின்னிருக்கையே.

குழந்தை என்பது அளவில் சுருங்கிய பெரியவர் அன்று. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலையே. அத்தலையைத் தாங்கும் கழுத்தோ இன்னும் வலுப்பெறாதது. விண்கலம் புறப்படும் வேளையில் வீரர்கள் மல்லாந்து சாய்ந்திருப்பதைக் கண்ட சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், குழந்தையையும் பின்னோக்கி அமர்த்தினால் விசை முதுகு முழுவதும் பரவும் என்று சிந்தித்தார். 1964-ஆம் ஆண்டு அத்தகைய இருக்கையின் மாதிரி சோதிக்கப்பட்டது. குழந்தை வளர்ந்தபின் முன்னோக்கிய இருக்கையும், அதன்பின் உயர்த்தி அமர்த்தும் இருக்கையும் பொருந்தும். பட்டை கழுத்தையும் வயிற்றையும் அழுத்தாமல் தோளிலும் இடுப்பெலும்பிலும் படிவதற்கே இந்த ஏற்பாடு.

சட்டமும் இதை வலியுறுத்துகிறது. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயது நிறையாத குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைக்குரிய பாதுகாப்பு அமைப்பாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் தண்டம். இருசக்கர வண்டியில் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இவ்விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும், வண்டியின் முன்புறம் நின்றபடி காற்றை அனுபவிக்கும் குழந்தைகளை நம் தெருக்களில் நாள்தோறும் காண்கிறோம்.

“தனி இருக்கையில் வைத்தால் குழந்தை அழும்” என்பர். தடுப்பூசிக்கும் குழந்தை அழுகிறது. அதற்காக ஊசியைத் தவிர்ப்பதில்லை. “பக்கத்து ஊர்தானே, மெதுவாகத்தான் ஓட்டுகிறோம்” என்பர். எதிரே வருபவரின் வேகம் நம் கையில் இல்லையே! விலை ஒரு தடை என்பதை மட்டும் மறுக்க இயலாது. ஒரே தொட்டிலில் உறவினர் வீட்டுக் குழந்தைகள் பலர் வளர்ந்த மரபு நமக்கு உண்டு. விபத்தில் சிக்காத, பழுதற்ற இருக்கையையும் அவ்வாறே கைமாற்றிக்கொள்ளலாம். மகப்பேறு மருத்துவமனைகள் அவற்றை இரவலாகத் தரவும் முன்வர வேண்டும்.

மாணவர்களே, ஓட்டுநர் உரிமம் உங்கள் கைக்கு வர இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். ஆனால், இன்றே நீங்கள் ஒரு குழந்தைக்கு அண்ணன், அக்கா, மாமா அல்லது சித்தி. அடுத்த முறை குடும்பத்தோடு வண்டியில் ஏறும்போது, “குழந்தை எங்கே உட்காரும்?” என்று கேளுங்கள். பெரியவர்கள் சிரிக்கக்கூடும், புறப்படத் தாமதமாகிறது என்று கடியவும் கூடும். ஆயினும் கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தனக்காகக் கேட்கும் வயது அக்குழந்தைக்கு இன்னும் வரவில்லை.