கல்லூரி கட்டச் சேர்ந்தோம். தொழிலைக் காக்கச் சேர்வோமா?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமாக உயர்ந்தது. திருப்பூர் பனியன், ஆம்பூர் ஷூ என்று நம் மாநிலத்தின் ஏற்றுமதி ஊர்கள் எல்லாம் செய்திகளில் அடிபட்டன. பேச்சு முழுவதும் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களைச் சுற்றியே இருந்தது. ஆனால் ஓர் ஆர்டர் நின்றால் கடைசி அடி யார் வீட்டில் விழுகிறது என்று நாம் பார்த்தோமா?

வெளிநாட்டு வாங்குநர் "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார். ஷூ கம்பெனி தோல் எடுப்பதை நிறுத்துகிறது. ஏற்கெனவே எடுத்த தோலுக்கான பணத்தையும் தள்ளிப் போடுகிறது. தோல் கொடுத்த டேனரிக்காரர், தமக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் சிறிய யூனிட்டுக்குக் கொடுக்க வேண்டியதை நிறுத்தி வைக்கிறார். அந்த யூனிட்காரர் ரசாயனக் கடையில் பாக்கி வைக்கிறார். சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டியில் கடனுக்குச் சரக்கு கொடுத்தவர் போன் மேல் போன் போடுகிறார். ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுத்த பெண்களின் கூலி அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று போகிறது. சங்கிலியில் கீழே போகப் போகத் தாங்கும் சக்தி குறைகிறது. ஆனால் ஒவ்வொருவரும் தம் பங்கைத் தனியாகத்தான் தாங்குகிறார்.

வரி இன்று ஏறும், நாளை இறங்கும். அது டெல்லியும் வாஷிங்டனும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். நம் கையில் இருக்கும் கேள்வி வேறு. ஒரே தெருவில், ஒரே தொழிலில், ஒரே பள்ளிவாசலில் ஒரே சஃப்பில் நிற்கும் சிறு தொழில்முனைவோர், தொழில் நெருக்கடி என்று வந்தால் மட்டும் ஏன் தனித்தனியாகிவிடுகிறோம்?

சேரத் தெரியாதவர்களா நாம்?

இல்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி தொடங்கியது 1919-இல். மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் வந்தது. ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இல் வந்தது. சென்னை புதுக்கல்லூரி 1951-இல் தொடங்கியது. இந்த நிறுவனங்களுக்குப் பின்னால் தோல் வணிகர்களின் பணமும் உழைப்பும் இருக்கின்றன. ஒருவரால் முடியாததைப் பலர் சேர்ந்து செய்தார்கள். பதிவு செய்த சங்கம் வைத்தார்கள், கணக்கு எழுதினார்கள், பொறுப்பாளர்களை மாற்றினார்கள். அதனால்தான் அவை தலைமுறைகளைத் தாண்டி நிற்கின்றன.

அதே மனிதர்கள் தொழில் என்று வரும்போது, தோலை என்ன விலைக்கு எடுத்தோம் என்பதைக் கூடப்பிறந்தவரிடமும் சொல்ல மாட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. வாடிக்கையாளரின் பெயரைச் சொன்னால் அடுத்த வாரமே பக்கத்து யூனிட்காரர் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டு ஆர்டரைத் தட்டிப் பறித்த அனுபவம் பலருக்கு இருக்கிறது. மச்சானோடும் சம்பந்தியோடும் வாய்ப்பேச்சில் தொடங்கிய கூட்டு வியாபாரம் முறிந்து, உறவும் முறிந்து, வழக்கில் முடிந்த கதை நம் ஊர்களில் எத்தனையோ. எனவே "ஒற்றுமையாக இருங்கள்" என்று மேடையில் சொல்வதால் மட்டும் யாரும் கணக்கைத் திறந்து காட்டப் போவதில்லை. எதில் சேரலாம், எதில் சேரத் தேவையில்லை என்று பிரித்துப் பேச வேண்டும்.

பாலாற்றங்கரையில் நடந்தது

இதற்கு நம் ஊரிலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. டேனரிக் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாதவை இயங்கக் கூடாது என்று கெடு வைத்தது.

பெரிய டேனரி தனக்கென்று சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொள்ளலாம். நான்கு டிரம் வைத்துப் பிழைப்பவர் என்ன செய்வார்? இந்த நெருக்கடிதான் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நிலைபெறச் செய்தது. டேனரிக்காரர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நிறுவனம் பதிவு செய்தார்கள். அரசு மானியத்தோடு உறுப்பினர் பங்கும் கடனும் சேர்ந்து முதலீடு ஆனது. ஒவ்வொருவர் கழிவும் குழாய் வழியே ஒரே இடத்துக்கு வந்தது. செலவையும் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். விலையில், வாடிக்கையாளரில், தரத்தில் போட்டி அப்படியே தொடர்ந்தது. தனியாகத் தாங்க முடியாத ஒரே ஒரு செலவில் மட்டும் சேர்ந்தார்கள். இதை ஆராய்ந்த லொரேன் கென்னடி 1999-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் "பிழைத்திருக்க ஒத்துழைப்பு" என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார்.

ஆனால் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. நீதிமன்றம் கழுத்தைப் பிடிக்கும் வரை நாம் சேரவில்லை. அதற்குள் கிணறுகள் கெட்டுவிட்டன. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் நம் குடும்பங்களும் உண்டு. சேர்ந்த பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2015 ஜனவரிக் கடைசியில் ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்த பத்துத் தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்குமாறு அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

"எல்லோருக்கும் பொதுவானது" என்பது "யாரும் பொறுப்பில்லை" என்று ஆகிவிட்டால், கூட்டு முயற்சி ஆளையே கொல்லும். நெருக்கடி வருமுன் சேர வேண்டும். சேர்ந்தால் யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைக்க வேண்டும். பாலாறு நமக்குச் சொல்லும் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இன்றைய நிலைமைக்கு வருவோம். தோல் தொழிலுக்கு மட்டுமல்ல, பேக்கரி, தையல், அச்சகம், ஒர்க்‌ஷாப் என்று எந்தச் சிறு தொழிலுக்கும் இது பொருந்தும்.

முதலில் பில்லும் பாக்கியும்

சிறு தொழிலை நஷ்டம் கொல்வதைவிட வராத பாக்கிதான் அதிகம் கொல்கிறது. இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது. அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் நிதியாண்டு முடிந்துவிட்டால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம்.

இதன் பயன் உத்யம் பதிவு உள்ளவருக்கே. பதிவு இலவசம், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரை குறு நிறுவனம், 100 கோடி வரை சிறு நிறுவனம் (முதலீட்டுக்கும் தனி வரம்பு உண்டு). சரக்கு கொடுக்கும் முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. உற்பத்தியாளருக்கும் ஜாப் ஒர்க் போன்ற சேவை செய்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. வாங்கி விற்கும் வியாபாரி உத்யம் பதிவு பெற்றாலும் இந்தக் கெடுவைக் கோர முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாத வீட்டுத் தொழில் செய்பவர்களுக்கு 2023 ஜனவரி முதல் உத்யம் அசிஸ்ட் என்ற தனி வழி இருக்கிறது.

சட்டம் இருந்தும் நம்மவர்கள் புகார் கொடுப்பதில்லை. "கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் வராது" என்ற பயம் ஒன்று. தாமதத்துக்குச் சட்டம் கூட்டு வட்டி விதிப்பதால், வட்டிப் பேச்சே வேண்டாம் என்று ஒதுங்குவது மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் எளிது: அசலைக் கேட்பது நம் உரிமை, வட்டித் தொகை பற்றி அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். முதலாவது பயம் நியாயமானது. அதைத் தனி ஒருவரால் தாண்ட முடியாது. இருபது ஜாப் ஒர்க் யூனிட்கள் சேர்ந்து, "எங்கள் பில்லில் உத்யம் எண்ணும் 45 நாள் கெடுவும் அச்சிட்டே வரும்" என்று ஒரே நாளில் தொடங்கினால், யாரும் தனியாகக் குறிவைக்கப்பட மாட்டார். புகார் தேவைப்பட்டால் காகிதங்களைத் தயார் செய்ய ஒரே கணக்காளரை எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம்.

நாமே வாங்குபவராக இருக்கும் இடத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்வோம். நமக்கு மேலே இருப்பவர் பணம் தரவில்லை என்று சொல்லி, தைத்துக் கொடுத்த பெண்ணின் கூலியை நிறுத்தி வைப்பவர் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

இரண்டாவது, பொது வசதி

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் தோல் பொருட்களுக்கும் காலணிகளுக்கும் அங்கே வரி நீங்க அது வழி செய்கிறது. ஆனால் வரி நீங்கினால் மட்டும் ஆர்டர் வராது. வெளிநாட்டு வாங்குநர்கள் ஆய்வக அறிக்கை, சுற்றுச்சூழல் தணிக்கை, சான்றிதழ் என்று கேட்கிறார்கள். அந்தச் செலவைச் சிறியவர் தனியாகத் தாங்க முடியாது. பரிசோதனைக் கூடம், வடிவமைப்பு இயந்திரம், கிடங்கு போன்றவற்றைப் பொதுவாக அமைக்கக் குறு, சிறு தொழில் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் அரசு மானியம் தருகிறது. தனி ஆளுக்கு அது கிடைக்காது. தொழில் செய்பவர்கள் கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்து போக வேண்டும். விண்ணப்பம், ஆய்வறிக்கை, ஒப்புதல் என்று காலம் எடுக்கும். ஆர்டர் வந்த பிறகு தொடங்கினால் தாமதமாகிவிடும்.

மூன்றாவது, எழுதி வைத்த கைமாற்று

ஆர்டர் நின்ற இரண்டு மூன்று மாதத்தைத் தாண்ட முடியாமல்தான் பலர் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்கிறார்கள். ஊருக்கு ஊர் நம்மிடம் பைத்துல்மால் இருக்கிறது. ஜகாத் நிதி அதற்குரியவர்களுக்கே. அதைத் தொழில் முதலாகக் கலக்கக் கூடாது. அதற்கு வெளியே, ஒரே தொழிலில் இருப்பவர்கள் மாதம் ஒரு தொகை போட்டு, உறுப்பினருக்கு மட்டும் வட்டியில்லாக் கடன் தரும் சிறிய நிதியை முறையாகப் பதிவு செய்து நடத்தலாம். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப என்பது எழுத்தில், சாட்சியோடு இருக்க வேண்டும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் கட்டளை அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தில் இருப்பது நமக்குத் தெரியும். சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து அதை விட்டுவிடுகிறோம். பிறகு பணமும் போகிறது, சொந்தமும் போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஹலால் லாபம்" என்று சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது ஒத்துழைப்பு அல்ல. 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணத்தை இழந்து நின்றன. மாதம் இவ்வளவு லாபம் உறுதி என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். பங்கு வியாபாரத்தில் லாபம் பங்காக வரும், நஷ்டமும் பங்காக வரும். கணக்கைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு பங்காளிக்கும் இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

பெரிய மாநாடு வேண்டாம். ஒரே தொழிலில் இருக்கும் பத்துப் பேர் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு உட்காரட்டும். விலையையும் வாடிக்கையாளரையும் யாரும் சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் உத்யம் பதிவு இருக்கிறதா, தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கி எவ்வளவு, தனியாகத் தாங்க முடியாத செலவு எது என்ற மூன்று கேள்விகளை மட்டும் பேசட்டும். பேசியதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இந்தக் கூட்டத்தில் வீட்டிலிருந்து தைக்கும், சமைத்து விற்கும் பெண்களுக்கும் இடம் இருக்க வேண்டும். கடைசி அடி விழுவது அவர்கள் மீதுதான்.

நம் பெரியவர்கள் கல்லூரி கட்டியபோது, தங்கள் காலத்திலேயே பலன் கிடைக்கும் என்று எண்ணிக் கட்டவில்லை. பாலாற்றில் நாம் சேர்ந்தபோது நீதிமன்றத்தின் கெடு தலைக்கு மேல் இருந்தது. அடுத்த கெடு எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது நம் நோட்டில் பத்துக் கையெழுத்தாவது இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.